பேட்டை முதல் பேருந்து வரை: விருதுநகர் மாவட்டம் சொல்லும் போக்குவரத்துப் பாடம்

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அங்கிருந்து ஒருவர் சென்னை அரசு பொது மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் இருந்து சிவகாசி வரை மினிபஸ். சிவகாசியில் இருந்து விருதுநகருக்கு அரசுப் பேருந்து. விருதுநகர் பேருந்து நிலையத்தில் இருந்து ரயில் நிலையத்துக்கு ஆட்டோ. அங்கிருந்து எழும்பூருக்கு ரயில். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு மெட்ரோ.

ஐந்து வண்டி, ஐந்து முறை காசு. மினிபஸ் ஒரு முதலாளியுடையது, பேருந்து மாநில அரசுடையது, ரயில் மத்திய அரசுடையது, ஆட்டோ அதை ஓட்டுகிறவருடையது. மெட்ரோவுக்குத் தனியாக ஒரு நிறுவனம். ஒன்று தாமதமானால் அடுத்தது காத்திருக்காது. மினிபஸ் அரைமணி நேரம் பிந்தினால் ரயில் போய்விடும், டிக்கெட் பணமும் போய்விடும். அந்த நஷ்டம் ஐந்து பேரில் யாருடைய கணக்கிலும் வராது. பயணியின் கணக்கில் மட்டும்தான் வரும்.

இப்படித் தனித்தனியாக ஓடும் வண்டிகளைக் கோத்து ஒரே பயணமாக ஆக்குவதற்குத்தான் ஒருங்கிணைந்த போக்குவரத்துச் சேவை என்று பெயர். செல்போன் செயலி வந்த பிறகு பிறந்த புது யோசனை என்று பலரும் இதை நினைக்கிறார்கள். உண்மையில் இது பழைய யோசனை. விருதுநகர் மாவட்டத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் இதன் வெற்றியும் தோல்வியும், இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தும்கூடக் கண்ணில் படும்.

பேட்டையும் மகமையும்

1801-இல் பாளையக்காரர் போர்கள் முடிந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி தெற்கே உறுதியானது. அதன் பிறகு திருநெல்வேலிச் சீமையில் இருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டி, உப்பு, கருவாடு முதலியவற்றை ஏற்றிக்கொண்டு வடக்கு நோக்கி வரத் தொடங்கினார்கள். வழி பாதுகாப்பானது அல்ல. இரவில் மாட்டையும் சரக்கையும் வெட்டவெளியில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

அதற்கு அவர்கள் கண்ட வழிதான் பேட்டை. வண்டிப் பாதையில் ஆங்காங்கே சுவர் எழுப்பிய ஒரு வளாகம். உள்ளே கிணறு இருக்கும், மாடு கட்ட இடம் இருக்கும், சரக்கை இறக்கி வைக்கலாம், விற்கவும் செய்யலாம். இதை நடத்தப் பணம் வேண்டுமே? அதற்காக வணிகர்கள் கொண்டுவரும் சரக்கின் அளவை வைத்து ஒரு சிறு தொகை வசூலித்தார்கள். அதற்குப் பெயர் மகமை. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளிவந்த தம் நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்கள் இந்த வணிகத்தால்தான் எழுந்து நின்றன. விருதுபட்டிதான் 1923-இல் விருதுநகர் ஆனது.

வணிகவியல் கண்ணோடு பார்த்தால் பேட்டை ஓர் அருமையான அமைப்பு. தங்குமிடம், கிட்டங்கி, காவல், சந்தை ஆகிய நான்கு சேவைகள் ஒரே இடத்தில் கிடைத்தன. நான்குக்கும் சேர்த்து ஒரே கட்டணம். நடத்துவது ஒரே அமைப்பு, அதாவது உறவின்முறை. இன்று நிபுணர்கள் ஒருங்கிணைப்புக்குச் சொல்லும் மூன்று தேவைகள் பொது இடம், பொதுக் கட்டணம், பொது நிர்வாகம். மூன்றும் அன்றைக்கே அங்கே இருந்தன. மிஞ்சிய மகமைப் பணம் கோயிலுக்கும் பள்ளிக்கும் போனது. 1880-களில் தொடங்கிய விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்த பள்ளி. காமராசர் படித்தது அங்கேதான்.

ஆனால் பேட்டைக்குச் சுவர் இருந்தது. அது முதன்மையாக ஒரு சமூகத்து வணிகர்களுக்காக அந்தச் சமூகமே எழுப்பிய சுவர். அந்தக் காலத்தில் அவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. 1899-இல் சிவகாசி சூறையாடப்பட்டதை நினைத்தால் அந்தத் தேவை புரியும். சுவருக்கு உள்ளே இருந்தவருக்கு எல்லா வசதியும் உண்டு, வெளியே இருந்தவருக்கு அந்த வசதி இல்லை. சேவை எவ்வளவு நன்றாக இணைந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த இணைப்புக்குள் யார் யார் வரலாம் என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வி இந்த மாவட்டத்தை விட்டு அகலவே இல்லை.

இருப்புப் பாதை வந்தது

1876-இல் மதுரையில் இருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பாதை விருதுபட்டி வழியாகவும் சாத்தூர் வழியாகவும் போனது. கரிசல் காட்டுப் பருத்திக்குத் துறைமுகம் வரை நேர்வழி கிடைத்தது.

ரயில் வந்ததும் மாட்டுவண்டி அழிந்துவிடவில்லை. அதன் வேலைதான் மாறியது. அதுவரை நெடுந்தூரம் போன வண்டி இப்போது கிராமத்தில் இருந்து ரயில் நிலையம் வரை மட்டும் போனது. இன்றைய மொழியில் சொன்னால் இது கடைசி மைல் சேவை, மினிபஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் இன்று செய்யும் வேலை. ஓர் ஊர் பிழைக்குமா என்பதை அந்த ஊருக்கும் நிலையத்துக்கும் உள்ள தூரம் தீர்மானிக்கத் தொடங்கியது.

சிவகாசி அந்த முதல் பாதையில் இல்லை. ஊருக்கு ரயில் வர 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு திறந்த விருதுநகர் - தென்காசி பாதை சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகச் சென்று, செங்கோட்டை வழியே கொல்லம் போகும் பாதையோடு சேர்ந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1923-இல், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்திருந்தார்கள். மழை குறைந்த வறண்ட ஊருக்கு அந்தத் தொழில் பொருந்தியது. தீக்குச்சிக்கு வேண்டிய மெல்மரம் கேரளத்துக் காடுகளில் இருந்து வந்தது. ஆலையும் பாதையும் சேர்ந்தபோது சிவகாசி வேறு ஊராக மாறியது.

ரயிலுக்குள்ளேயும் ஓர் இணைப்புச் சிக்கல் இருந்தது. தெற்கே போட்டது மீட்டர் கேஜ், நாட்டின் முக்கியப் பாதைகள் பல பிராட் கேஜ். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சரக்கை ஒரு பெட்டியில் இருந்து இறக்கி இன்னொரு பெட்டியில் ஏற்ற வேண்டும். கூலி, நேரம், சேதாரம் எல்லாம் கூடும். 1992-இல் ரயில்வே ஒரே கேஜ் திட்டத்தை எடுத்ததே இதைத் தீர்க்கத்தான். விருதுநகர் - தென்காசி பாதை 2000-களின் தொடக்கத்தில் அகலப்பாதையானது. செங்கோட்டைக்கு அப்பால் மலைப்பகுதி வேலை முடிந்து, கொல்லம் வரை முழுப் பாதையும் திறக்க 2018 ஆகிவிட்டது. தண்டவாளங்களுக்கு இடையே இருந்த இரண்டடிக்கும் கொஞ்சம் அதிகமான வித்தியாசம் இத்தனை காலம் வணிகத்தைப் பிரித்து வைத்திருந்தது என்றால், இணைப்பின் விலை என்ன என்று புரிந்துகொள்ளலாம்.

பேருந்தும் ரயிலும் மோதின

1910-களில் இருந்து தென்தமிழகத்தில் மோட்டார் பேருந்து வளர்ந்தது. மதுரையை மையமாகக் கொண்ட டி.வி.எஸ். பேருந்துகள் குறித்த நேரத்துக்கு வண்டி எடுப்பதில் பேர் பெற்றவை.

பேருந்துக்கு ரயிலை விட ஒரு பெரிய வசதி. கை காட்டினால் நிற்கும், ஊருக்குள்ளேயே வரும். ஆனால் லாபம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் முதலாளி வண்டி விடுவார். அதனால் நாடு முழுவதும் ரயில் பாதைக்குப் பக்கத்துச் சாலையிலேயே பேருந்துகள் குவிந்தன. ரயில் போகாத ஊர்கள் பலவற்றுக்குப் பேருந்தும் போகவில்லை. 1932-33-இல் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகள் இந்தப் போட்டியை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்து 1933-இல் சிம்லாவில் சாலை - ரயில் மாநாடு நடந்தது. பின்பு 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. எந்த வழித்தடத்தில் யார் வண்டி ஓட்டலாம் என்று பர்மிட் கொடுக்கும் முறை அதில் வலுப்பெற்றது.

இந்தியாவில் போக்குவரத்தை ஒருங்கிணைக்கத் திட்டமிட்ட முதல் பெரிய முயற்சிகளில் இதுவும் ஒன்று. ஆனால் அதன் நோக்கத்தைக் கவனிக்க வேண்டும். ரயில்வேயின் வருமானத்தைப் பாதுகாப்பதுதான் அன்றைய அரசின் பெருங்கவலை. பயணிக்கு எது வசதி என்ற கேள்வி பின்வரிசையில்தான் இருந்தது. மதிப்பீடு செய்கிறவர் யாருடைய கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறாரோ, அதற்கு ஏற்றபடிதான் விடை வரும்.

1972: அரசுப் பேருந்து

1972-இல் தமிழக அரசு பெரிய தனியார் பேருந்து நிறுவனங்களை எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் கழகங்களைத் தொடங்கியது. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன். விருதுநகர் பகுதி பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் கீழ் வந்தது.

இதன் பொருளாதாரம் எளிமையானது. விருதுநகர் - மதுரை போன்ற தடத்தில் வண்டி நிறைந்து ஓடும், லாபம் வரும். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துத் தடத்தில் காலையும் மாலையும் மட்டும் கூட்டம் இருக்கும், நஷ்டம் வரும். இரண்டும் வெவ்வேறு முதலாளிகள் கையில் இருந்தால் இரண்டாவது வண்டி நின்றுவிடும். ஒரே கழகத்தின் கையில் இருந்தால் முதல் தடத்தின் லாபம் இரண்டாவதைத் தாங்கும். பொருளியலில் இதைக் குறுக்கு மானியம் என்பார்கள். அரசுப் பேருந்து நஷ்டத்தில் ஓடுகிறது என்று அடிக்கடி கேட்கிறோம். அந்த நஷ்டத்தின் ஒரு பகுதி, வேறு யாரும் வண்டி விடாத ஊருக்கு வண்டி விட்டதற்கான செலவு. இலாப நட்டக் கணக்கில் அது பற்று பக்கத்தில் மட்டும் தெரியும். அந்தப் பேருந்தில் ஏறிப் பள்ளிக்குப் போன பிள்ளை எந்தப் பக்கத்திலும் தெரியாது.

விடியும் முன் வந்த பேருந்து

இந்த வரலாற்றில் மனத்தை உறுத்தும் பகுதி இதுதான்.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து தொழிலாளர்களைக் கொண்டுவர ஆலைகளே பேருந்து அனுப்பின. சேவை என்று பார்த்தால் குறை சொல்ல முடியாத சேவை. வண்டி கிராமத்துக்கே வரும். ஆளை எழுப்பிவிட ஊரில் ஏஜெண்டு இருப்பார். நேரம் தவறாது. காலி இருக்கை கிடையாது. வண்டி மாற வேண்டிய தேவையும் இல்லை, வீட்டில் இருந்து நேரே வேலை நடக்கும் இடத்துக்குப் போய்விடலாம்.

அந்தப் பேருந்துகளில் வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் குழந்தைகள்.

1976-இல் அப்படி ஆலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகிப் பிள்ளைகள் பலர் இறந்தார்கள். அதன் பிறகு தமிழக அரசு ஹர்பன்ஸ் சிங் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1983-இல் ஸ்மிது கோத்தாரி எழுதிய ஆய்வுக் கட்டுரை, இந்தப் பிள்ளைகள் விடியும் முன்பே வண்டியில் ஏற்றப்பட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பியதை நாடறியச் செய்தது. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஒரு போக்குவரத்து நிபுணர் 1975-இல் வந்து அந்த வட்டாரத்தின் எல்லாச் சேவைகளையும் மதிப்பிட்டிருந்தால் எதற்கு முதல் மதிப்பெண் கொடுத்திருப்பார்? நேரந்தவறாமை, இருக்கை நிரப்பம், பயணிக்கு ஆகும் செலவு, வண்டி மாறும் தொல்லை என்று எந்த அளவுகோலை வைத்தாலும் ஆலைப் பேருந்துதான் முதலில் வந்திருக்கும். அதே ஊரில் இருந்து பள்ளிக்குப் போகும் வழி கடைசியில் வந்திருக்கும். அளவுகோலில் பிழை இல்லை. வண்டி எங்கே போகிறது, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற இரண்டையும் அந்த அளவுகோல் கேட்கவே இல்லை.

பட்டாசு ஆலைகள் குடியிருப்பில் இருந்து தள்ளித்தான் இருக்க வேண்டும் என்பது வெடிபொருள் விதி. ஆகவே இன்றும் ஆலைக்கு ஆட்களை அழைத்துச் செல்ல வேன்கள் ஓடுகின்றன. அதில் தவறு இல்லை, அது தேவை. ஆனால் அதே கிராமத்தில் இருந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் அதே அளவு வசதியாகப் போக முடிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளி மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் இலவச பஸ் பாஸ் வெறும் சலுகை அல்ல. ஆலை வண்டி எளிதாகவும் பள்ளி வண்டி கடினமாகவும் இருந்த பழைய நிலைக்கு அதுவும் ஒரு பதில்.

1997: பெயர்ப்பலகை

தமிழகத்தில் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் தலைவர்கள், மன்னர்கள் பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. பல்லவன், பாண்டியன், சோழன், சேரன், கட்டபொம்மன், மருது பாண்டியர், ராணி மங்கம்மாள், தீரன் சின்னமலை என்று கழகங்களின் பட்டியல் நீண்டது. 1985-இல் ராமநாதபுரத்தில் இருந்து பிரிந்த இந்த மாவட்டத்துக்கே காமராசர் மாவட்டம் என்றுதான் பெயர்.

1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய போக்குவரத்துக் கழகம் உருவானது. அதற்குக் கட்டபொம்மனின் தளபதியான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைத் தமிழக அரசு சூட்டியது. அவர் தேவேந்திரர் சமூகத்தில் பிறந்தவர், பட்டியல் சாதியினர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று வேறு சில சாதியினரிடம் இருந்து எதிர்ப்புக் கிளம்பியது. பேருந்துகள் தாக்கப்பட்டன. விருதுநகர் மாவட்டத்திலும் தென் மாவட்டங்களின் பிற பகுதிகளிலும் கலவரம் பரவி உயிர்கள் போயின. வீடுகள் எரிந்தன.

1997 ஜூலையில் அரசு ஒரு முடிவு எடுத்தது. எல்லா மாவட்டங்களில் இருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் தலைவர்கள் பெயர்களை நீக்கியது. கழகங்களில் பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. இன்று பச்சை, நீலப் பேருந்துகளின் பக்கவாட்டில் பொதுப்பெயர் மட்டும் இருப்பதற்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

வண்டி அதேதான், தடம் அதேதான், கட்டணமும் அதேதான். மாறியது பலகையில் இருந்த ஒரு பெயர் மட்டும். அதற்கே பயணி ஏற மறுக்கிறார் என்றால், கால அட்டவணையையும் டிக்கெட்டையும் இணைத்துவிட்டால் எல்லாம் இணைந்துவிடும் என்று எப்படிச் சொல்ல முடியும்? பக்கத்தில் யார் உட்காருவார் என்று பார்க்காமல் உட்காரக்கூடிய இடங்களில் அரசுப் பேருந்தின் இருக்கையும் ஒன்று. அந்த இருக்கையின் மதிப்பை எந்த வருவாய்க் கணக்கும் காட்டாது. பேட்டையின் சுவருக்கு வெளியே நின்ற கேள்விதான் 1997-இல் பேருந்தின் படிக்கட்டில் வந்து நின்றது.

மினிபஸ்ஸும் மகளிர் பயணமும்

1990-களின் பிற்பகுதியில் தமிழக அரசு மினிபஸ் திட்டத்தைக் கொண்டுவந்தது. பெரிய பேருந்து போகாத கிராமங்களைப் பக்கத்துப் பேருந்து நிலையத்தோடு சேர்ப்பது நோக்கம். தடத்தின் நீளம் 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நல்ல யோசனைதான், ஆனால் காலப்போக்கில் பல தடங்கள் கட்டுப்படியாகாமல் நின்றுபோயின. 2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டம் நீளத்தை 25 கிலோமீட்டர் ஆக்கியது. அதில் 65 சதவீதமாவது பேருந்து வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. ரயிலுக்கு மாட்டுவண்டி செய்த வேலையைப் பேருந்துக்கு மினிபஸ் செய்கிறது.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இப்போது இதற்கு விடியல் பயணம் என்று பெயர். மாநிலத் திட்டக்குழு இதை ஆராய்ந்தபோது, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று தெரிய வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது மதிப்பீடு செய்த முறை. கழகத்துக்கு எவ்வளவு வருமானம் போனது என்று மட்டும் பார்க்காமல், பயணியின் கையில் எவ்வளவு நின்றது என்று பார்த்திருக்கிறார்கள். 1930-களின் கணக்குக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

ஆனால் இந்த இரண்டு நல்ல திட்டங்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. கட்டணமில்லாப் பயணம் அரசு நகரப் பேருந்தில்தான் செல்லும், தனியார் மினிபஸ்ஸில் செல்லாது. மினிபஸ் மட்டுமே வரும் கிராமத்துப் பெண் அதற்குக் காசு கொடுத்து, பெரிய ஊருக்கு வந்த பிறகுதான் இலவசத்தைப் பயன்படுத்த முடியும். ஒதுக்குப்புறத்தில் இருப்பவருக்குச் செலவு அதிகம். திட்டங்கள் தனித்தனியே நன்றாக இருந்தும் சேராமல் இருந்தால் இதுதான் நடக்கும்.

செயலி யுகம்

2016-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் விம் என்ற செயலி வந்தது. பேருந்து, ரயில், டாக்சி, வாடகைக் கார் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதச் சந்தா. உலகமே வியந்தது. ஆனால் மற்ற நிறுவனங்களிடம் பயணத்தை வாங்கிச் சந்தாவாக விற்ற அந்த நிறுவனத்தால் லாபம் பார்க்க முடியவில்லை. 2024-இல் அது திவாலானது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1990-இலேயே பேருந்துக்கும் ரயிலுக்கும் ஒரே அட்டை வந்துவிட்டது. 1995-இல் சாலை, ரயில், பேருந்து எல்லாவற்றையும் திட்டமிட ஒரே ஆணையம் அமைந்தது. 2010-இல் கட்டண முறையையும் மாற்றினார்கள். வழியில் வண்டி மாறினாலும் மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம். வண்டி மாறியதற்குத் தண்டனை இல்லை. முதலில் நிர்வாகத்தையும் கட்டணத்தையும் சரிசெய்துவிட்டால் தொழில்நுட்பம் பின்னால் வரும் என்பது இதன் பாடம்.

தமிழகத்தில் சென்னை ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் நிறைவேறியது. அது உண்மையில் செயல்படத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆயின. மெட்ரோவில் 2023-இல் வந்த சிங்காரச் சென்னை அட்டை 2025-இல் மாநகரப் பேருந்துக்கும் வந்தது. 2025 செப்டம்பரில் சென்னை ஒன் செயலி அறிமுகமானது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடிப் பயணம் செய்யலாம்.

தொடக்கத்தில் பார்த்த வெம்பக்கோட்டைப் பயணிக்கு இந்த வசதி எழும்பூரில் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அவருடைய பயணத்தில் கடினமான பகுதி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. சென்னையில் ஒரு பேருந்து போனால் அடுத்தது வரும். கிராமத்தில் ஒன்று போனால் அன்றைய வேலையே போய்விடும். இணைப்பு எங்கே மிகவும் தேவையோ அங்கே அது கடைசியாகத்தான் போகிறது.

எப்படி மதிப்பிடுவது?

இந்த வரலாற்றில் இருந்து ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். எந்த ஊரில் எந்தப் புதிய சேவை வந்தாலும் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. பயணி வண்டி மாறும் இடத்தில் எவ்வளவு நேரமும் காசும் இழக்கிறார்? ரயில் கேஜ் கற்றுத்தந்த கேள்வி இது.

2. லாபமுள்ள தடம் லாபமில்லாத தடத்தைத் தாங்குகிறதா? 1972 எழுப்பிய கேள்வி.

3. கணக்கு யாருடையது? நிறுவனத்தின் வருமானமா, பயணியின் மிச்சமா? 1939 சட்டத்தையும் விடியல் பயணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

4. வண்டி எங்கே கொண்டுபோகிறது? ஆலைக்குப் போவது எளிதாகவும் பள்ளிக்குப் போவது கடினமாகவும் இருந்தால் அந்தச் சேவைக்கு எத்தனை மதிப்பெண் கொடுத்தும் பயனில்லை.

5. யார் ஏற முடியவில்லை? கையில் ஸ்மார்ட்போன் இல்லாதவர், படிக்கட்டு ஏற முடியாதவர், பேருந்து வராத தெருவில் இருப்பவர் ஆகியோர் பயணிகள் எண்ணிக்கையில் வரவே மாட்டார்கள். ஏறியவர்களை எண்ண டிக்கெட் இயந்திரம் போதும். ஏறாதவர்களை எண்ண ஊருக்குள் போய்க் கேட்க வேண்டும்.

இந்த ஐந்தில் முதல் மூன்றுக்கும் விடை காண ஒரு கணக்குப் புத்தகம் போதும். வணிகவியல் படித்த எவரும் செய்துவிடலாம். கடைசி இரண்டும் அப்படி அல்ல. 1976-இல் ஒரு பேருந்து விபத்தும் 1997-இல் ஒரு கலவரமும் நடந்த பிறகுதான் அவை அரசின் காதில் விழுந்தன. அடுத்த திட்டம் போடும்போதாவது அவற்றை முதலிலேயே கேட்டுவிட்டால், இந்த மாவட்டம் கொடுத்த விலைக்குக் கொஞ்சம் அர்த்தம் இருக்கும்.